மகள் வகுப்பில் 'வயது வந்தோருக்கு மட்டும்' படம்: பள்ளியில் போய் எப்படிப் பேசுவது?

கடைசி ரீல் எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சினிமாவுக்கு விரோதி இல்லை. தணிக்கைக் கத்திரியைத் திட்டி இங்கேயே பக்கம் பக்கமாக எழுதியவன். அதையெல்லாம் தோண்டி எடுத்து யாராவது கிண்டல் செய்யத்தான் போகிறீர்கள். செய்யுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இப்போது கேட்பது நிஜமான கேள்வி.

மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. தேர்வு முடிந்த மறுநாள், பாடம் இல்லை என்று கடைசி இரண்டு பீரியடும் ஸ்மார்ட் போர்டில் ஒரு படம் போட்டிருக்கிறார்கள். போர்ப் படம். 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று சான்றிதழ் வாங்கியது. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் இந்தத் திரி அந்தப் படம் நல்லதா கெட்டதா என்ற சண்டையாகிவிடும். நல்ல படம்தான். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை மனைவியும் உடன் உட்கார்ந்தாள், பாதியில் எழுந்து போய்விட்டாள்.

எனக்கு விஷயம் தெரிந்தது மூன்று நாள் கழித்து. இரவு பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு, வாயில் நுரையோடு கேட்டாள்: "அப்பா, செத்துப்போனா கண்ணு தானா மூடிக்காதா?" எங்கேயோ எதையோ கேட்டிருக்கிறாள் என்று நினைத்து ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்து அடுத்த கேள்வி: "அப்போ அந்தச் செருப்பை யாரு எடுத்துக்குவாங்க?"

செருப்பு என்றதும் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செருப்பு மறக்காது. ஊர்க்காரர்களை ஒரு பள்ளத்தின் ஓரம் வரிசையாக நிறுத்துவார்கள். துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், அப்புறம் கேமரா மெதுவாக இறங்கும். சின்னப் பையன் ஒருவனின் ஒற்றைச் செருப்பு விளிம்பிலேயே கிடக்கும். பக்கத்தில் ஒரு கிழவர், கண் திறந்தபடி.

கேட்கக் கேட்கத் துண்டு துண்டாக வந்தது. படம் ஒரு பையனின் அண்ணனுடைய பென் டிரைவில் இருந்து வந்தது. கிளாஸ் டீச்சர் பின்பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முத்தக் காட்சி, பத்து நொடி இருக்கும். வகுப்பே 'ஓ' என்று கத்தியதும் மிஸ் சிவப்புப் பேனாவோடு ஓடிவந்து ஓட்டிவிட்டிருக்கிறார். ஓட்டிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் அந்தப் பள்ளம். அதை யாரும் ஓட்டவில்லை. வகுப்பும் கத்தவில்லை, அமைதியாக இருந்ததால் மிஸ் தலை நிமிரவே இல்லை. அந்தக் காட்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது. இரண்டே கால் மணி நேரப் படத்தில் பிள்ளைகள் பார்த்தது 80 நிமிடம். அதோடு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"ரத்தமெல்லாம் சாயம்னு தெரியும்பா" என்கிறாள். அதில் அவளுக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் கண்ணும் செருப்பும்தான். இப்போதெல்லாம் தூங்கப் போகும் முன் வாசலுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டால் "சும்மா" என்கிறாள்.

சரி, இனிமேல்தான் வேடிக்கை. மறுநாள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் இருநூற்றுச் சொச்சம் செய்திகள். எல்லாம் அந்த முத்தத்தைப் பற்றி! ஓட்டிவிட்ட முத்தம். பிள்ளைகள் முழுதாகப் பார்க்கவே இல்லாத முத்தம். பண்பாடு, கலாசாரம், இந்தக் காலத்து ஆசிரியர்கள் என்று ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். பள்ளத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நான் மெல்ல எழுதிப் பார்த்தேன்: "படத்தில் ஒரு கொலைக் காட்சி இருக்கிறதே, அதைப் பற்றி உங்கள் பிள்ளைகள் ஏதாவது கேட்டார்களா?" அதற்குக் கீழே கட்டை விரல் ஒன்று வந்தது. அதற்கு அடுத்த செய்தி மறுபடியும் முத்தம்.

இப்போது ஒரு மனு சுற்றுகிறது. அந்த ஆசிரியையை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று 23 பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னிடமும் கேட்கிறார்கள். போடாவிட்டால் 'நீங்கள் அந்த மாதிரிப் படத்துக்கு ஆதரவா' என்று கேட்பார்கள், கேட்டும்விட்டார்கள். மகளோ "ஸ்கூலுக்கு மட்டும் வந்துடாதீங்கப்பா, ப்ளீஸ்" என்கிறாள். ஆனால் பேசாமல் விடவும் மனசு வரவில்லை. அந்த மிஸ் கெட்டவர் இல்லை. மகளுக்கு அவர் மேல் பிரியம் உண்டு.

வகுப்பில் நடப்பது தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, பிள்ளைக்குப் பாதகம் வராமல் எப்படிக் கேட்பது?


மூன்றாவது மணி எழுதியது:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் நண்பரே, ஆனால் ஊதிப் பெரிதாக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. இன்றைக்குப் பிள்ளைகள் கையில் இருக்கும் போனில் இதைவிட மோசமானதெல்லாம் ஓடுகிறது. நாங்களெல்லாம் ஆறு வயதில் பேய்ப்படம் பார்த்து வளர்ந்தவர்கள்தான், நன்றாகத்தான் இருக்கிறோம். ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள். போர் என்றால் என்ன என்று அவளும் தெரிந்துகொள்ள வேண்டாமா?


சாக்பீஸ் தூசி எழுதியது:

நான் வரலாறு எடுக்கிற ஆசிரியை. 19 வருடமாக. வகுப்பில் படம் காட்டுகிற ஆசாமியும்கூட. அதனால் அந்த மிஸ்ஸின் நாற்காலியில் இருந்து கொஞ்சம் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள்.

தேர்வு முடிந்த மறுநாள் என்பது பள்ளியில் ஒரு தனி மாதிரியான நாள். பாடம் நடத்தினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். மதிப்பெண்ணை நாளை மாலைக்குள் கொடு என்று மேலே இருந்து நெருக்குவார்கள். விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கும், எதிரே 40 பிள்ளைகள். அப்போது ஒரு பையன் பென் டிரைவை நீட்டினால் எந்த மிஸ்ஸுக்கும் அது கடவுள் அனுப்பியது மாதிரித்தான் தெரியும். அந்த நேரத்தில் படம் என்பது பாடம் இல்லை, வகுப்பை அமைதியாக வைத்திருக்க ஒரு தாலாட்டு. தப்பு அங்கேதான் தொடங்குகிறது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

என் கதையையும் சொல்கிறேன். பல வருடம் முன்பு, ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர். ஒரு ஆவணப்படம் போட்டேன். கல்லூரி நாளில் பார்த்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த படம் என்ற தைரியம். 1945இல் பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதை முகாமை பிரிட்டிஷ் படை விடுவித்தபோது அவர்களே எடுத்த காட்சிகள் அதில் வரும் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் காட்சிகளில் புல்டோசர் வருவது ஞாபகம் இல்லை. பிணங்களைக் குழிக்குள் தள்ளுகிற புல்டோசர். திரையில் அது வந்தபோதுதான் எனக்கே வந்தது. நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் எழுந்து வெளியே போனான். அவன் தாத்தா இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். பதிவேட்டில் அவனுக்கு விடுப்புப் போட்டவளே நான்தான். அவன் வீட்டில் இருந்து யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் எனக்கு நானே சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். எவ்வளவு தெரிந்த படமாக இருந்தாலும் அந்த வாரமே ஒரு முறை முழுசாகப் பார்ப்பேன், நோட்டில் நிமிடக் கணக்கோடு. முழுப் படம் காட்டவே மாட்டேன். எனக்கு வேண்டியது 11 நிமிடம் என்றால் 11 நிமிடம்தான். மீதி நேரம் பேச. மணி அடிப்பதற்கு 15 நிமிடம் முன்பே திரையை அணைத்துவிடுவேன். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம் அந்த மணிதான். பள்ளத்தின் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மணி அடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம், விளக்கை எல்லாம் அணைக்க மாட்டேன். நான் பக்கவாட்டில், பிள்ளைகளின் முகம் தெரிகிற மாதிரி நிற்பேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று யார் எழுந்தாலும் ஏன் என்று கேட்பதில்லை. இரண்டு பேர் சேர்ந்து போனாலும் கேட்பதில்லை.

பெற்றோருக்கு ஒரு சீட்டு போகும்: படத்தின் பெயர், சான்றிதழ், எத்தனையாவது நிமிடத்தில் இருந்து எது வரை, எதற்காக. வேண்டாம் என்பவர்களின் பிள்ளைக்கு அதே விஷயத்தில் படிக்க வேறு ஏதாவது கொடுப்பேன். அந்தப் பிள்ளை மட்டும் தனியாக வராந்தாவில் உட்காராத மாதிரி, இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அதே வேலையைக் கொடுத்துவிடுவேன். பத்து வருடத்தில் வேண்டாம் என்று எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். முன்கூட்டிச் சொன்னால் சண்டை வருமே என்று பயப்படுகிற சக ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது மணி சாருக்கு ஒன்று. போர் தெரிய வேண்டும் என்கிறீர்கள், சரிதான். ஆனால் தயார்படுத்தாமல் காட்டினால் தெரியாது. 1994 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லாந்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவர்களை நாஜிகளின் யூதப் படுகொலையைப் பற்றி ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' பார்க்கத் தியேட்டருக்குக் கூட்டிப் போனார்கள். விடுமுறை நாள் சுற்றுலா மாதிரி. படம் முடிந்ததும் பனிச்சறுக்கு. ஒரு பெண்ணைச் சுடுகிற காட்சியில் பிள்ளைகளில் சிலர் சிரித்துவிட்டார்கள். மற்ற பார்வையாளர்கள் ஆத்திரப்பட, தியேட்டர்காரர் படத்தை நிறுத்தி மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டார். நாடு முழுக்கப் பேச்சானது. சில மாதம் கழித்து ஸ்பீல்பெர்க்கே அந்தப் பள்ளிக்குப் போய் மாணவர்களிடம் பேசினார். பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஊர் திட்டியது. அந்த வரலாறு அவர்களுக்குச் சரியாகச் சொல்லித் தரப்பட்டிருக்கவில்லை என்பதுதான் விஷயம். வகுப்பில் நானே பார்த்திருக்கிறேன், பயந்த பிள்ளைதான் முதலில் சிரிக்கும்.

கடைசி ரீல், மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல்வரிடமும் முதலில் போகாதீர்கள். மிஸ்ஸிடம் நேரம் கேட்டு, பள்ளி விட்ட பிறகு, தனியாகப் போங்கள். காலையில் கேட்டில் நிறுத்திப் பேசினால் எங்களுக்குக் காதில் ஒன்றும் ஏறாது. 'பெற்றோர்கள் எல்லாரும்' என்று தொடங்க வேண்டாம், அப்படித் தொடங்கினாலே நாங்கள் கவசத்தை மாட்டிக்கொள்வோம். மகள் பல் தேய்க்கும்போது கேட்டாள் என்றீர்களே, அதை அப்படியே சொல்லுங்கள். வேறு ஒன்றும் சேர்க்க வேண்டாம்.


கடைசி ரீல் எழுதியது:

அம்மா, கை கூப்புகிறேன். "பயந்த பிள்ளைதான் முதலில் சிரிக்கும்" என்றதை மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க கிளாஸ்ல மூணு பேரு சிரிச்சாங்க" என்றாள். இதுவரை சொல்லாத தகவல்.

மூன்றாவது மணி, நானும் பேய்ப்படம் பார்த்தவன்தான். ஆனால் எனக்குப் பக்கத்தில் மாமா இருந்தார். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம், எழுந்தும் போகலாம். வகுப்பில் எழுந்து போனால் மறுநாள் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். போனில் பார்ப்பதை ஒரு விரலால் தள்ளிவிடலாம்.


வாய்தா எழுதியது:

வக்கீல் தொழிலில் இருப்பவன். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, அது ஒரு பெரிய வித்தியாசம்.

இந்தியா என்றால், 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி, வயது வந்தோருக்கு மட்டும் என்று சான்றிதழ் பெற்ற படத்தை வயது வராதவருக்குத் திரையிடுவது குற்றம். சட்டத்தின் வாசகம் 'எந்த இடத்திலும்' என்றுதான் இருக்கிறது, தியேட்டர் என்று மட்டும் இல்லை. இன்னொரு விஷயம், 2023 திருத்தத்தில், பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த வயதுக் குறியீட்டைப் பார்த்துப் பிள்ளைக்குக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்று திருத்தம் சொல்கிறது. வகுப்பில் சீட்டு அனுப்பாமல் படம் போடும்போது அந்த முடிவை ஆசிரியர் எடுத்துவிடுகிறார், பெரும்பாலும் எடுக்கிறோம் என்று தெரியாமலே.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே சான்றிதழ் தியேட்டருக்கும் வட்டு விற்பனைக்கும் உரியது. 15 வயதுக்குக் கீழே கூடாது என்று சான்றிதழ் பெற்ற படத்தை 14 வயதுப் பிள்ளைக்கு வகுப்பில் காட்டுவது அதனாலேயே குற்றமாகிவிடாது. ஆனால் பெற்றோரின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சான்றிதழ் வாரியமே பள்ளிகளுக்குச் சொல்கிறது. அமெரிக்காவில் 1968இல் வந்த தர வரிசை திரைத்துறை தானாக வைத்துக்கொண்டது, சட்டமே இல்லை. அதனால் அங்கே சண்டை எல்லாம் பள்ளி வாரியத்திலும் நீதிமன்றத்திலும்தான் நடக்கும். தீர்ப்புகளும் ஒரே திசையில் போகவில்லை. ஊரே சேர்ந்து ஒருவரைக் கல்லால் அடிக்கும் கதையை வைத்து எடுத்த குறும்படம் ஒன்றை, பெற்றோர் எதிர்ப்பால் மினசோட்டாவில் ஒரு பள்ளி வாரியம் நீக்கியது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது தவறு என்றது, படத்தின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கக் கூடாது என்று. 1995இல் விஸ்கான்சினில் இதற்கு நேர் எதிர்: தர வரிசையைக் காட்டி 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'டைக் காட்ட மறுத்த பள்ளியின் பக்கம் நீதிமன்றம் நின்றது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே வேறொரு வழக்குக்காக. உங்கள் பதிவைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், 1984 மே 31. பள்ளியின் கடைசி நாள், ஆசிரியர்கள் மதிப்பெண் அட்டை நிரப்புகிற நாள். 14 வருட அனுபவமுள்ள ஒரு ஆசிரியை. மாணவர்கள் 'பிங்க் ஃபிளாய்ட்: தி வால்' என்ற ராக் இசைப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர் படத்தைப் பார்த்ததில்லை. ஏற்கெனவே பார்த்திருந்த ஒரு 15 வயது மாணவனிடம், பள்ளியில் போடத் தக்க படமா என்று விசாரிக்கிறார். "ஒரே ஒரு மோசமான இடம் இருக்கிறது" என்கிறான் அவன். சரி, அந்த இடம் வந்தால் மறைத்துவிடு என்று அவனிடமே பொறுப்பைக் கொடுக்கிறார். எப்படி மறைத்தான் தெரியுமா? 25 அங்குலத் திரைக்கு முன்னால் சாதாரணக் காகித அளவுள்ள ஒரு கோப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு! திரையில் பாதியைக்கூட அது மறைக்காது. ஒலி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. ஆசிரியை நடுநடுவே வகுப்பை விட்டு வெளியேயும் போய்வந்தார். மத்தியானம் மறுபடியும் ஒரு முறை போட்டார்கள்.

வேலை போய்விட்டது. வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது, 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. படம் காட்டியது கருத்துரிமையில் சேரும் என்ற வாதம் எடுபடவில்லை. பாடத்துக்காகக் காட்டவில்லை, முன்கூட்டிப் பார்க்கவும் இல்லை என்றால் அந்த வாதம் எதன் மேல் நிற்கும்?

உங்கள் மிஸ் ஓட்டிவிட்ட முத்தமும் அந்தக் கோப்பு அட்டைதான். நமக்கு வெட்கமான இடத்தில் அட்டையைப் பிடிக்கிறோம். 'ஏ படம்' என்றாலே நம் பேச்சுவழக்கில் ஒரே அர்த்தம்தானே? வன்முறைக்காகவும் அந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்பது பாதிப் பேருக்கு உறைப்பதே இல்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

வேலையை எடுக்கச் சொல்லும் மனுவில் சேராதீர்கள் என்று நானும் சொல்வேன். அது வேறு பாதை, ஏறிவிட்டால் இறங்க முடியாது. பள்ளியில் எழுத்தில் விதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. இல்லை என்றால் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வரலாற்று ஆசிரியை அந்தச் சீட்டில் என்னென்ன எழுதுகிறார் என்று சொன்னாரே, அதுவே விதி. வீட்டில் இருந்து கொண்டுவரும் படம் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். படத்தை முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை என்று சொன்னால், பிரிட்டிஷ் வாரியத்தின் தளத்தில் எதற்காக அந்தச் சான்றிதழ் என்று சில வரிகளில் போட்டிருப்பார்கள். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் பெற்றோர் வழிகாட்டிப் பகுதியும் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.


பழைய மாணவன் எழுதியது:

நான் உங்கள் மகளின் பக்கம் இருந்து.

எட்டாவது படிக்கும்போது எங்கள் வகுப்பிலும் ஒரு படம் போட்டார்கள், அம்மா நேராக வகுப்புக்கே வந்து சத்தம் போட்டார். அம்மா கேட்டது நியாயம்தான், இப்போது யோசித்தால் புரிகிறது. ஆனால் அன்றைக்கு நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தாமல் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் பள்ளி முடியும்வரை என் பெயர் 'சென்சார்'. தொலைக்காட்சி அறைக்குப் போகும்போதெல்லாம் "சென்சார் வந்துட்டான், கேட்டுட்டுப் போடுங்கடா" என்பார்கள். படம் மறந்தே போய்விட்டது, உண்மையில் அது என்ன படம் என்றே ஞாபகம் இல்லை.

போங்கள், ஆனால் போகும் முன் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எப்போது போகிறீர்கள், என்ன சொல்லப்போகிறீர்கள் என்று. அம்மா எனக்குச் சொல்லாமல் வந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.


கடைசி ரீல் எழுதியது:

போய்வந்துவிட்டேன். நீளமாக எழுத நேரமில்லை, ஆனால் இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதிய பிறகு சொல்லாமல் இருப்பது முறையில்லை.

பழைய மாணவன் சொன்னபடி முதலில் மகளிடம் சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டாள்: செருப்பு விஷயத்தை மிஸ்ஸிடம் சொல்லக் கூடாது. கண்ணைப் பற்றிக் கேட்டதை மட்டும் சொல்லலாம். சரி என்றேன். (இங்கே எழுதிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இந்தத் தளம் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்.)

பள்ளி விட்டு அரை மணி கழித்துப் போனேன். மிஸ் எனக்கு முன்பே பதற்றமாக இருந்தார், மனு விஷயம் காதுக்கு எட்டியிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள், "சார், அந்த சீன் வந்ததும் உடனே ஓட்டிட்டேன் சார், பத்து செகண்ட்கூட இல்ல" என்றார். முத்தம்! நான் அதற்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, இரவில் மகள் கேட்ட கேள்வியை, கேட்ட வார்த்தைகளிலேயே சொன்னேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். எந்தக் கிழவர், எந்தக் கண் என்று அவருக்குத் தெரியவே இல்லை. படத்தை அவர் இதற்கு முன்பும் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டிருக்கிறது, போர்ப் படம்தானே என்று விட்டுவிட்டார். நான் அந்தக் காட்சியை விவரித்தேன். சொல்லச் சொல்ல அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை, "அதான் அன்னிக்கு அவ்வளவு அமைதியா இருந்தாங்களா" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

விதி எதுவும் எழுத்தில் இல்லை, வாய்தா சொன்னது போலத்தான். சீட்டு யோசனையை முதல்வரிடம் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். செய்வாரா, பார்ப்போம். மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. குழுவில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தன் மகனும் விளக்கை அணைக்க விடுவதில்லை என்றார். ஏன் குழுவில் சொல்லவில்லை என்றேன். "எல்லாரும் அதைப் பத்திப் பேசும்போது இதை எப்படி சார்..." என்று இழுத்தார்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். கதவு வரைக்கும் வந்தவர் கொஞ்சம் தயங்கி, "சார், நீங்க அந்தப் படத்தைப் பார்த்திருக்கீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தச் சின்னப் பையன் கடைசியில பிழைச்சுடுவானா? மணி அடிச்சதுல இருந்து கிளாஸ்ல தினமும் யாராவது ஒருத்தர் வந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

திரும்பி வந்து உட்கார்ந்து மீதிக் கதையைச் சொன்னேன். இருபது நிமிடம் ஆனது.